‘டேக்’ என்றால் ‘எடு’ என்று யார் சொன்னது?

கேள்வி இதுதான்: “‘டேக்’ என்றால் ‘எடு’ என்று பள்ளியில் படித்தேன். இப்போது ஆங்கிலத்தில் எதைத் திறந்தாலும் டேக் ஆஃப், டேக் இன், டேக் ஆன், டேக் ஆஃப்டர் என்று வந்து நிற்கிறது. ஒன்றிலும் ‘எடு’ பொருந்தவில்லை. ஐம்பது அறுபதை எழுதிவைத்து மனப்பாடம் செய்தேன். ஒரே வாரத்தில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. இதற்கு ஏதாவது வழி உண்டா?”

உண்டு. ஆனால் முதலில் அந்த ‘எடு’வைக் கொஞ்சம் ஓரமாக வைக்கவேண்டும். இருபது வருஷமாக மொழிபெயர்ப்பில்தான் எனக்குச் சோறு. ‘டேக்’குக்குத் தமிழில் ‘எடு’வைவிட நெருங்கிய சொந்தங்கள் இரண்டு இருக்கின்றன என்பது எனக்கே தாமதமாகத்தான் பிடிபட்டது: ஒன்று ‘பிடி’, இன்னொன்று ‘கொள்’.

‘எடு’ என்பதற்கு அடியில் இருப்பது கீழிருந்து மேலே தூக்குவது. கோயில் எடுத்தான் என்றால் எழுப்பினான். குரலெடுத்துப் பாடினாள், நொடித்த குடும்பம் தலையெடுத்தது என்றெல்லாம் சொல்கிறோமே, எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று மேலே எழும்புகிறது. ‘டேக்’ அப்படிப்பட்ட சொல் இல்லை. அதன் பூர்வீகம் பற்றுவது, கையால் பிடிப்பது.

பூர்வீகம் என்றதும் ஒரு சின்னக் கதை. ‘டேக்’ ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளையே அல்ல. 9-ஆம் நூற்றாண்டில் டென்மார்க், நார்வே பக்கமிருந்து கப்பலில் வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் கிழக்கிலும் வடக்கிலும் குடியேறினார்கள். அவர்கள் பேசிய நார்ஸ் மொழியின் ‘டாக்கா’ என்ற வினைதான் இது. அதற்கு முன் ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்த சொல் ‘நிமன்’. ஜெர்மானியர்கள் இன்றும் ‘நேமன்’ என்று அதன் உறவுச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். கொள்ளையடிக்க வந்தவர்கள் தங்கிவிட்டார்கள், பெண் கொண்டு கொடுத்தார்கள், அடுத்த சில நூற்றாண்டுகளில் ‘டேக்’ மெல்ல மெல்ல ‘நிமன்’ இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. பழையது சுத்தமாகச் செத்தும் போகவில்லை. ‘நம்ப்’ என்று ஒரு சொல் இருக்கிறதல்லவா, கை கால் மரத்துப்போவதற்கு? அது ‘நிமன்’ விட்டுப்போன எச்சம். உணர்ச்சி பறிக்கப்பட்ட நிலை என்று பொருள். சுறுசுறுப்பான ஆளைச் சொல்லும் ‘நிம்பிள்’ என்பதும் அதே வேரில் வந்ததுதான்.

சரி, ‘பிடி’க்கு வருவோம். ‘டேக்’ வரும் இந்த வாக்கியங்களைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். “தி டை டிட்ன்ட் டேக்” என்றால் சாயம் பிடிக்கவில்லை. “தி கிராஃப்ட் டுக்” என்றால் ஒட்டுக் கட்டியது பிடித்துக்கொண்டது. “இட் டேக்ஸ் டூ அவர்ஸ்” என்றால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். “ஐ டுக் டு ஹிம் அட் ஒன்ஸ்” என்றால் பார்த்ததுமே அவரை எனக்குப் பிடித்துப்போனது. தையற்கடையில் “டேக் இட் இன் அட் தி வெய்ஸ்ட்” என்றால் இடுப்பில் கொஞ்சம் பிடித்துத் தையுங்கள். இதில் ஓர் இடத்திலாவது ‘எடு’வைப் போட்டுப் பாருங்கள், சிரிப்புத்தான் வரும். ‘பிடி’யோ ஐந்திலும் நோகாமல் உட்காருகிறது. எங்கோ வடகடலில் பிறந்த ஒரு சொல்லும் நம் ஊர்த் தையற்காரர் வாயில் புழங்கும் ஒரு சொல்லும் ஒரே மாதிரி கிளைவிட்டிருப்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. கையால் பற்றுவது எல்லா மனிதருக்கும் பொது. அங்கிருந்து பொருள் எந்தப் பக்கம் வளரும் என்பதும் ஏறக்குறைய பொது.

இரண்டாவது சொந்தம் ‘கொள்’. பழந்தமிழில் இதற்கு வாங்கு, பெறு, ஏற்றுக்கொள் என்றெல்லாம் பொருள். இன்று தனியாக வருவது குறைவு, ஆனால் வந்தால் அசலாக வரும். இந்தக் குடம் பத்து லிட்டர் கொள்ளும் என்கிறோம். “திஸ் ஹால் டேக்ஸ் டூ ஹண்ட்ரட் பீப்பிள்” என்பது அப்படியே இதுதான்: மண்டபம் இருநூறு பேர் கொள்ளும். ‘எடு’வுக்கு இங்கே வேலையே இல்லை. இன்னொரு வினையோடு ஒட்டி வரும்போதுதான் ‘கொள்’ளின் முழு ஆட்டம்: ஏற்றுக்கொள், பொறுத்துக்கொள், குறித்துக்கொள், எடுத்துக்கொள். “டோன்ட் டேக் இட் தி ராங் வே” என்பதற்கு நாம் சொல்வது என்ன? தப்பா எடுத்துக்காதீங்க. அங்கே ‘எடு’ இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறதுதான். ஆனால் ‘கொள்’ளைப் பிடுங்கிவிட்டு “தப்பா எடுக்காதீங்க” என்று சொல்லிப் பாருங்கள், கேமராவைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

இங்கேதான் உங்கள் கேள்விக்கான சாவி இருக்கிறது. ‘டேக்’கோடு ஆஃப், இன், ஆன் என்று சின்னச் சொல் ஒட்டி வேறு பொருள் வருவதை ஆங்கிலத்துக்கே உரிய பைத்தியக்காரத்தனம் என்று நினைக்கிறோம். தமிழில் இல்லையா என்ன? ‘காட்டு’ தெரியும், ‘கொடு’ தெரியும். இரண்டையும் சேர்த்துக் ‘காட்டிக்கொடு’ என்றால் துரோகம். ‘விடு’வும் ‘கொடு’வும் சேர்ந்தால் விட்டுக்கொடுப்பது, அதாவது பணிந்து போவது. ‘பார்த்துக்கொள்’ என்றால் கவனித்துக்கொள், பாதுகாத்துக்கொள். தமிழ் படிக்கும் ஒரு வெள்ளைக்காரர் இதையெல்லாம் பட்டியல் போட்டுத் தலையில் அடித்துக்கொண்டுதான் படிக்கிறார். நாம் யாரும் பட்டியல் போட்டுப் படிக்கவில்லை. அண்ணன் தம்பி சண்டையில் “அம்மாகிட்ட காட்டிக்குடுத்துட்டான்” என்று கேட்டுக் கற்றுக்கொண்டோம். சொல் மட்டும் தனியாக வரவில்லை, யார் யாரை என்பதும் கூடவே வந்தது. அதனால்தான் மறக்கவில்லை.

ஆங்கிலேயர்களுக்கும் இது தெரியும். 1755-இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட ஆங்கில அகராதியில் ‘டேக்’குக்கு மட்டும் 134 பொருள். வினைக்குப் பின்னால் ஒட்டும் இந்தச் சின்னச் சொற்கள்தான் அயலாருக்கு ஆகப்பெரிய சிரமம் என்று முன்னுரையிலேயே எழுதிவைத்தார். ஆக, உங்கள் புலம்பலுக்கு வயது 250-க்கும் மேல்.

இனி அந்தச் சின்னச் சொற்களைப் பார்ப்போம். எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை, அது அகராதியின் வேலை.

எனக்கு அதிகம் பாடம் புகட்டியது ‘டேக் இன்’. தொழிலுக்கு வந்த புதிது. சென்னையில் ஒரு வக்கீல் அலுவலகத்துக்காக ஒரு வாக்குமூலத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். கணவனை இழந்த ஒரு பெண்மணி ஆங்கிலத்தில் கொடுத்தது. வீட்டைக் காலி செய்துவிட்டுக் குழந்தைகளோடு கொழுந்தனார் வீட்டுக்குப் போன கதையைச் சொல்லிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் “ஐ வாஸ் டேக்கன் இன் பை ஹிஸ் பிரதர்” என்கிறார். “அவருடைய தம்பி எனக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தார்” என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டேன். மறுநாள் காலை, அங்கே என் வேலையைச் சரிபார்க்கிற பெரியவர் தாளில் அந்த ஒரு வரியின் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு நீட்டினார். “ஏன் தம்பி, இடம் கொடுத்தவர் மேலேயா இந்தம்மா கேஸ் போட்டிருக்காங்க?”

தூக்கிவாரிப்போட்டது. ‘டேக் இன்’ என்றால் வீட்டில் சேர்த்துக்கொள்வது, உண்மைதான். ஏமாற்றுவது என்பதும் அதே அளவுக்கு உண்மை. அந்தம்மா சொன்னது, “அவருடைய தம்பி என்னை ஏமாற்றிவிட்டார்”. அடுத்த வரியிலேயே ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கியது பற்றி இருந்தது. அதையும் நான்தான் மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரே சொற்கள் அடைக்கலத்தையும் குறிக்கின்றன, மோசடியையும் குறிக்கின்றன.

யோசித்துப் பார்த்தால் இரண்டிலும் ‘இன்’ ஒரே வேலையைத்தான் செய்கிறது. உள்ளே இழுக்கிறது. வீட்டுக்குள் இழுத்தால் அடைக்கலம், வலைக்குள் இழுத்தால் ஏமாற்று. நாமும் வலையில் விழுந்தான் என்றுதானே சொல்கிறோம்? மண்டைக்குள் இழுத்தால் புரிந்துகொள்வது: “ஐ குட்ன்ட் டேக் இட் ஆல் இன்” என்றால் ஒன்றும் மனசில் ஏறவில்லை. துணியை உள்பக்கமாக இழுத்தால் பிடித்துத் தைப்பது. ஆக ஒரு ‘டேக் இன்’னுக்கு நான்கு பொருள் என்று மனப்பாடம் செய்வதைவிட, எது எதற்குள் போகிறது என்று கேட்டுக்கொள்வது மேல்.

‘ஆஃப்’ இதற்கு நேரெதிர். ஒட்டியிருந்தது பிரிகிறது. சட்டை, செருப்பு, மூக்குக் கண்ணாடி எல்லாம் உடம்பைவிட்டுப் பிரிந்தால் நமக்குக் ‘கழற்று’. முகத்தைவிட்டு ஒப்பனை பிரிந்தால் ‘கலை’. விலையைவிட்டு ஐம்பது ரூபாய் பிரிந்தால் ‘குறை’. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ‘டேக் ஆஃப்’. விமானம் தரையைவிட்டுப் பிரிவதும் அதுதான். அதிலிருந்துதான் ஒரு தொழில் சூடு பிடித்து மேலே போவதற்கும் ‘டேக் ஆஃப்’ என்றார்கள். நம் சினிமாக்காரர்கள் இதைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். பூஜை போட்டும் படப்பிடிப்பு தொடங்காத படத்தைப் பற்றி, “அது டேக் ஆஃப் ஆகவே இல்லை சார்” என்பார்கள்.

‘ஆன்’ என்றால் சுமை மேலே ஏறுகிறது. ‘டேக் ஆன்’ என்பதைத் ‘தலையில் போட்டுக்கொள்’ என்று நினைவு வையுங்கள், பாதிக் கிணறு தாண்டிவிடலாம். வேலையைத் தலையில் போட்டுக்கொள்வது ஒன்று. புது ஆளை வேலைக்குச் சேர்ப்பது இன்னொன்று. நம்மைவிடப் பெரிய ஆளோடு மோதுவதும் ‘டேக் ஆன்’தான். ‘ஓவர்’ வந்தால் பொறுப்போ நிறுவனமோ நாடோ கை மாறுகிறது. ‘டவுன்’ வந்தால் மேலே இருப்பது கீழே வருகிறது: பந்தலைப் பிரிப்பதும், சொன்னதைத் தாளில் குறித்துக்கொள்வதும். ‘பேக்’ வந்தால் திரும்புகிறது. “ஐ டேக் இட் பேக்” என்றால் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பெரும்பாலும் சண்டைக்கு நடுவில் கேட்கும் வாக்கியம் அது.

‘டேக் ஆஃப்டர்’ எனக்குப் பிடித்தது. பிள்ளை அப்பாவையோ பாட்டியையோ கொண்டு பிறந்திருப்பதைச் சொல்வது. நாம் உரித்து வைத்திருக்கிறான் என்கிறோம். ஒன்றைக் கவனியுங்கள்: இது மேலிருந்து கீழேதான் ஓடும். மகன் அப்பாவை ‘டேக் ஆஃப்டர்’ செய்வான், அப்பா மகனை அல்ல. ‘ஆஃப்டர்’ என்றால் பின்னால், பின்னால் வந்தவர் முன்னால் போனவர் மாதிரி இருக்கிறார். அவ்வளவுதான் கணக்கு.

எல்லாம் இப்படிக் கணக்குக்கு அடங்காது, அதையும் சொல்லிவிடவேண்டும். திகைத்துப்போனதை “ஐ வாஸ் டேக்கன் அபேக்” என்பார்கள். இது பாய்மரக் கப்பலிலிருந்து வந்தது. காற்று திடீரென்று எதிர்த்திசையில் அடித்துப் பாயைப் பாய்மரத்தோடு அழுத்தினால் கப்பல் அப்படியே திணறி நின்றுவிடும். கதை தெரிந்தால் மறக்காது. தெரியாவிட்டால் ‘அபேக்’கை எத்தனை தடவை முறைத்துப் பார்த்தாலும் ஒன்றும் வராது. அதேபோல “ஹி டுக் எ பாத்” என்பதை ஒரு வியாபாரச் செய்தியில் பார்த்தால் குளித்தார் என்று எழுதிவிடாதீர்கள். பெரிய நஷ்டம் என்று பொருள். நம் ஊரில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனார் என்போம். அங்கே குளியல், இங்கே துண்டு. பொருத்தம்தான்.

இலக்கணத்தில் ஒரே ஒரு விஷயம். ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ போன்ற குட்டிச் சொற்கள் செயப்படுபொருளாக வந்தால் நடுவில் புகுந்துகொள்ளும். “டேக் இட் ஆஃப்” என்பதுதான் சரி, “டேக் ஆஃப் இட்” என்று யாரும் சொல்லமாட்டார்கள். பெயராக இருந்தால் இரண்டும் செல்லும்: “டேக் ஆஃப் யுவர் ஷூஸ்”, “டேக் யுவர் ஷூஸ் ஆஃப்”. ஆனால் ‘டேக் ஆஃப்டர்’, ‘டேக் டு’ இரண்டும் பிரியாத ஜோடிகள். “ஹி டேக்ஸ் ஆஃப்டர் ஹிம்” என்றுதான் வரும். எது பிரியும், எது பிரியாது என்று காது கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பிரிகிற ஜோடியில் அழுத்தம் சின்னச் சொல்லின் மேல் விழும்: டேக் இட் *ஆஃப்*. பிரியாததில் வினையின் மேல் விழும்: ஷி *டுக்* டு ஹிம். நாம் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் அடித்துவிடுகிறோம், அதனால்தான் எதிரே இருப்பவர் “பார்டன்?” என்கிறார்.

அடுத்தது, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது நாம் வழுக்கும் இடங்கள். “ஹேவ் யூ டேக்கன் யுவர் லஞ்ச்?” என்று கேட்பது ‘சாப்பாடு எடுத்துக்கிட்டீங்களா’ என்பதன் நிழல். இன்றைய ஆங்கிலத்தில் சாப்பாட்டுக்கு ‘ஹேவ்’ போதும். ‘டேக்’ மருந்துக்கு. வேடிக்கை என்னவென்றால் தமிழில் மாத்திரையை நாம் எடுப்பதே இல்லை, போடுகிறோம். தேர்வை ‘ரைட்’ செய்கிறோம், ஏனென்றால் தமிழில் எழுதுகிறோம். ஆங்கிலேயர் அதை ‘டேக்’ செய்வார்கள் அல்லது ‘சிட்’ செய்வார்கள். நம் ஊரில் வாத்தியார் ‘கிளாஸ் டேக்’ செய்கிறார். பிரிட்டனிலும் அப்படிச் சொல்வதுண்டு. அமெரிக்காவில் மாணவன்தான் ‘கிளாஸ் டேக்’ செய்வான், வாத்தியார் ‘டீச்’ செய்வார். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுதும்போது இதைப் பார்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் பாடம் நடத்திய நீங்கள் பாடம் கேட்டவராகிவிடுவீர்கள்.

இன்னும் நுட்பமான ஒன்று. “இட் டுக் மி த்ரீ டேஸ்” என்பதும் “ஐ டுக் த்ரீ டேஸ்” என்பதும் ஒன்றல்ல. முதலாவது, எனக்கு மூன்று நாள் பிடித்தது, வேலை அப்படி. இரண்டாவது, நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். அதில் என் விருப்பமோ என் சோம்பலோ தெரிகிறது. மேலதிகாரிக்கு விளக்கம் எழுதும்போது எதைப் போடுவது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து நடக்கிறது. ‘டேக் பிளேஸ்’ என்பதற்குத் தமிழ்நாட்டில் நடந்தது, நடைபெற்றது என்கிறோம். இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் “விபத்து இடம்பெற்றது” என்று படித்திருப்பீர்கள். தமிழ்நாட்டு வாசகர் ஒரு கணம் தடுமாறுவார், ஏனென்றால் இங்கே இடம்பெறுவது பட்டியலிலோ மலரிலோதான். தவறு என்று சொல்லமாட்டேன், அங்கே அது வேரூன்றிய வழக்கு. ஆனால் தமிழ்நாட்டில் இப்போது பெருகிவரும் “ரொம்ப நேரம் எடுக்கும்” என்பது எனக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. நேரம் ஆகும், நேரம் பிடிக்கும் என்று இரண்டு நல்ல வினைகள் கைவசம் இருக்கும்போது மூன்றாவதைக் கடன் வாங்குவானேன்?

சரி, பட்டியல் வேண்டாமென்றால் எப்படிப் படிப்பது? நான் செய்தது இதுதான். ஒரு நோட்டில் ‘டேக்’ வரும் வாக்கியத்தை முழுசாக எழுதுவேன், ஜோடியை மட்டும் பிய்த்து எழுதமாட்டேன். பக்கத்தில் அதையே என் வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று எழுதுவேன். அகராதித் தமிழ் இல்லை, அம்மா சொல்கிற தமிழ். “டோன்ட் டேக் இட் அவுட் ஆன் மி” என்ற வரிக்கு எதிரே என் நோட்டில் இருப்பது: “ஆபீஸ் கோவத்த எம்மேல காட்டாத.” இப்படி ஒரு நாளைக்கு இரண்டு வாக்கியம் போதும், மூன்றாவதுக்கு ஆசைப்படவேண்டாம். ஒரு மாதம் கழித்து வலது பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். என் நோட்டில் முதல் அறுபது வரியில் ‘எடு’ வந்தது ஏழு தடவை.